எதற்குமே வராத பிள்ளைகள் எத்தனை பேர்?

ஊரில் கபடி டீம் இருக்கிறது, சிலம்பம் சொல்லித் தருகிறார்கள், சாயங்காலம் டியூஷன் நடக்கிறது, நூலகமும் இருக்கிறது. "பிள்ளைகளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதில் எதற்குமே வராத பிள்ளைகள் எத்தனை பேர்? பெரும்பாலும் யாரிடமும் கணக்கு இருக்காது. அந்தக் கணக்கை எடுக்கத்தான் ஊருக்கு ஒரு குழு வேண்டும்.

ஒன்பது பேர் போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் கூடுவதே பெரும்பாடு. நான்கு பேர் 13 முதல் 18 வயதுக்குள் இருக்கட்டும், அதில் இருவர் பெண் பிள்ளைகள். மீதி ஐவர்: மகளிர் குழுவிலிருந்து ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், கணக்கெழுதப் பொறுமையுள்ள இளைஞர். டெல்டா ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று குடியிருப்பு பிரிந்து கிடக்கிறது. மைதானம் இந்தப் பக்கம் என்றால் காலனி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். காலனிப் பிள்ளைகள் இல்லாத குழு எழுதுவது பாதி ஊரின் அறிக்கைதான். டீமோ வகுப்போ நடத்துகிறவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம். அவரிடம் மரியாதையாக விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். தன் உழைப்பைத் தானே எடைபோடச் சொன்னால் அவருக்கும் சங்கடம்.

பெரியவர்களுக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய் என்று போட்டால் முதல் கூட்டத்தோடு பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். எல்லோருக்கும் பாய் விரியுங்கள். முதல் 20 நிமிடம் பிள்ளைகள் மட்டும் பேசட்டும்.

பள்ளிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் படிப்பை நிறுத்தியவர்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் விட்டுப்போவார்கள். தெருத்தெருவாக நடந்துதான் எழுத வேண்டும். வயது, ஆணா பெண்ணா, எந்தத் தெரு, படிக்கிறாரா வேலைக்குப் போகிறாரா, இவ்வளவு போதும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். 120 பிள்ளைகள் உள்ள ஊரில் 30 பேரிடம் பேசினால் நிலவரம் தெரிந்துவிடும், அதில் 15 பேராவது எதற்கும் வராதவர்களாக இருந்தால்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு தடவை போங்கள்: ஒரு முறை சொல்லிவிட்டு, ஒரு முறை சாதாரண நாளில். தொடங்கும்போது எண்ணுங்கள், முடியும்போதும் எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்தரைக்குத் தொடங்கும் சிலம்ப வகுப்பில் பன்னிரண்டு பெண் பிள்ளைகள், ஆறேகாலுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆர்வம் குறைவு" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். கிளம்புகிற பிள்ளைகளோடு கூடவே நடந்து பாருங்கள். மைதானத்திலிருந்து தெருமுனை வரை மூன்று கம்பம், ஒன்றில்கூட விளக்கு எரியாது. மைதானத்துக் கழிப்பறையில் பூட்டு தொங்கும். எழுத வேண்டியது அதைத்தான்.

மாதம் பார்த்து எண்ணாவிட்டால் மொத்தமும் தப்பாகிவிடும். மே மாத லீவில் எங்கே போனாலும் கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். தை, மாசியில் சம்பா அறுவடை. பக்கத்தில் டிபிசி (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்) திறந்துவிட்டால் மைதானம் முழுக்க நெல் காயும், மூட்டை அடுக்கியிருக்கும், லாரி நிற்கும். பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வும் அப்போதுதான் நெருங்கும். அந்த வாரம் எண்ணிவிட்டு "மைதானத்தைப் பிள்ளைகள் பயன்படுத்துவதில்லை" என்று எழுதுவது அநியாயம். நெல்லைக் குறை சொல்ல முடியாது, ஊரின் சோறு அது. ஆனால் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு வேறு இடம் எது என்று கேட்டே ஆக வேண்டும். ஆகவே ஆடியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, மாசியில் ஒன்று என மூன்று தடவை எண்ணுங்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்லும். "கடைசியா எப்போ போனே? அப்புறம் ஏன் போகலே? திரும்பி வர யார் துணை?" என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் பெண் உறுப்பினர்களே பேச வேண்டும், இருவராகப் போய், வீட்டில் சொல்லி அனுமதி வாங்கி. அப்பா பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம். யாராவது தப்பாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால் குழு விசாரணையில் இறங்கக் கூடாது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கவும் கூடாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் குற்றம் என்றால், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

கபடி டோர்னமெண்டுக்கு ஊரில் வசூலித்த பணக் கணக்கைக் கிளறப் போனால் குழு அன்றே உடையும். அது வேறு வேலை.

அறிக்கை ஒரு ஏ4 தாளுக்குள் முடியட்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. ஒரு கூட்டத்துக்கு மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம், மூன்றும் ஊராட்சி கையில் உள்ளவையாக இருக்கட்டும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை? 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகத்தைச் சாயங்காலம் யார் திறப்பது? 2024-ல் வந்த கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் எந்த அறையில், சாவி யாரிடம்? பஸ் நேரத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனி மனுவாக எழுதுங்கள். "இளைஞர்களுக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பைலோடு நின்றுவிடும். கிராம சபையில் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான் என்பதால் பெரியவர் ஒருவர் கோரிக்கையை வைக்கட்டும், தாளைப் பிள்ளையே வாசிக்கட்டும். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

விளக்கு எரிந்த மறுவாரம், அதே சிலம்ப வகுப்புக்குப் போய் ஆறேகாலுக்கு மறுபடி எண்ணுங்கள்.