நாலாவது பெட்டி

பிளட் பௌல் என்பது எல்ஃப், மனிதர் என்று பொம்மை அணிகளை வைத்துப் பகடை உருட்டி, அமெரிக்கக் கால்பந்துபோல் ஆடும் பலகை விளையாட்டு. அதை 2020-க்கு முந்தைய விதிகளில் ஆடிய காலத்தில், ஜெயிப்பதைவிட எனக்கு வேறொரு கிறுக்கு இருந்தது. அணித்தாளில் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்கு நேரேயும் பாஸ், டச்டவுன் (பந்தோடு எதிரணி எல்லையைத் தொடுவது), இன்டர்செப்ஷன் (எதிராளி வீசிய பந்தைக் குறுக்கே பிடிப்பது), கேஷுவல்டி (எதிராளியைக் காயப்படுத்தி வெளியேற்றுவது) என்று பெட்டிகள் இருக்குமே, ஒரே மேட்ச்சில் ஒரே ஆள் அந்த நாலிலும் கோடு போட வேண்டும். நாலையும் கூட்டினால் அந்த ஆளுக்கு 8 அனுபவப் புள்ளிதான். மூன்று டச்டவுன் போட்டாலே 9 வந்துவிடும். அதனால்தான் கிறுக்கு என்கிறேன்.

இதற்கு முன் ட்ரீமேனை, அதாவது நடக்கும் மரத்தை, டச்டவுன் போட வைக்கத் திரிந்தேன். பலம் 6, நடை 2. கையில் பந்தைத் திணித்தாலும் 5 அல்லது 6 விழுந்தால்தான் பிடிக்கும். அது போதாதென்று, நகரத் தொடங்கும்போது 1 விழுந்தால் நின்ற இடத்திலேயே வேர்விட்டுவிடும். என்னுடையது எல்லைக்கு ஒரே ஒரு கட்டம் முன்னால் வேர்விட்டது. அன்றோடு அந்த ஆசையை விட்டேன்.

சிட்டு என் உட் எல்ஃப் (காட்டு எல்ஃப்) அணியின் வார்டான்சர், துள்ளிப் பாயும் நட்சத்திர ஆள். எதிரே நண்பனின் மனிதர் அணி. முதல் பாதியிலேயே டச்டவுன் வந்துவிட்டது. குட்டி பாஸ் ஒன்றும் போட்டாயிற்று; 1 விழாமல் இருந்தால் போதும், அதில் பெருமை ஒன்றுமில்லை. கேஷுவல்டிதான் எதிர்பாராதது. கீழே விழுந்த லைன்மேனின் (சாதாரண ஆட்டக்காரனின்) கவசம் உடைய 36-இல் 10 வாய்ப்பு, அப்புறம் ஆளையே வெளியேற்ற 36-இல் 6. இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. நான் எழுந்து நின்று கத்தினேன்.

“இன்டர்செப்ஷன் மட்டும்தான்டா பாக்கி!”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மற்ற மூன்றும் நம் கையில் இருப்பவை. இன்டர்செப்ஷனுக்கு எதிராளி பாஸ் வீச வேண்டும், அளவுகோலை வைத்தால் நம் ஆள் அதற்கடியில் நிற்க வேண்டும். அதற்குப்பின் அவன் பந்தை வீசவே இல்லை. கைக்குக் கை மாற்றியே நகர்த்தினான். நானும் பந்தைப் பறிப்பதை விட்டுவிட்டு, அவன் எங்கே வீசினால் சிட்டு குறுக்கே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் குறுக்கே வந்தால் 5 போதும், மூன்றில் ஒரு வாய்ப்பு.

இரண்டாம் பாதி, 6-ஆவது டர்ன். வலது ஓரத்தில் அவனுடைய கேட்சர், பந்து பிடிக்கிற ஆள், தனியாக நின்றான். அந்தப் பக்கம்தான் வீசுவான் என்று சிட்டுவைக் கோட்டை ஒட்டிய கட்டத்தில் நிறுத்தினேன். புதிதாக ஆட வருபவனிடம் நான் முதலில் சொல்வதே ‘கோட்டோரம் நிற்காதே’ என்பதுதான்.

அவன் பிளிட்ஸ் அறிவித்தான், அதாவது ஓடிவந்து மோதுவது. சாதாரணத் தள்ளல்தான் விழுந்தது. சிட்டு கூட்டத்துக்குள் போய் விழுந்தது. ரசிகர்கள் மிதிக்கும்போது கவசத்துக்குப் பகடை கிடையாது, நேரே காயம்தான். இரண்டு பகடையில் 10 விழுந்தது, ஆள் வெளியே. அடுத்து எவ்வளவு காயம் என்று பார்க்க உருட்டினால் 6. செத்துவிட்டது. காயத்தைத் தேற்றும் அணி மருத்துவரான அப்போதிகரியை முதல் பாதியிலேயே யாரோ ஒரு லைன்மேனுக்குச் செலவழித்திருந்தேன். தள்ளப்பட்டவன் சாக வாய்ப்பு 36-இல் ஒன்று. மூன்றில் ஒன்றுக்கு ஆசைப்பட்ட எனக்கு இது கிடைத்தது.

சிட்டுவின் பெயரைக் கோடிட்டு அடித்தேன். அவன் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“கூட்டம் கொன்னா எனக்குப் புள்ளிகூடக் கிடையாதுடா.”