சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும்: நான் படிப்பைத் திட்டமிட்ட விதம்

ஆம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாலாற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பெரிவது தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில். கிணற்றுத் தண்ணீர் உப்பானதும் அதே தொழிலால். அதனால் பிளஸ் டூ முடித்ததும் சுற்றுச்சூழல்தான் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எந்தப் பட்டத்தில் தொடங்கி எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

இளநிலையிலேயே நேராகச் சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கலாம்தான். ஆனால் அந்தப் பட்டம் உள்ள கல்லூரிகள் நம் பக்கம் குறைவு. சரி, படித்து முடித்தால் என்ன வேலை என்று பார்ப்போம் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அறிவிப்புகளைத் தேடி எடுத்தேன். உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் கேட்டிருந்தார்கள். சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு அறிவியலில் முதுகலை. முதுகலைச் சுற்றுச்சூழல் அறிவியலுக்கோ, பல இடங்களில் ஏதாவது ஓர் அறிவியல் பட்டம் இருந்தாலே போதும். அப்புறம் யோசிக்கவில்லை, பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். துணைப்பாடமாகத் தாவரவியல் கிடைக்கும் கல்லூரியாகவும் பார்த்துக்கொண்டேன்.

அந்த முடிவு சரி என்று எனக்குப் புரிந்தது ஆய்வகத்தில்தான். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் செய்முறைக்கு எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரையே ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக விழ, ஒயின் சிவப்பாக இருந்த தண்ணீர் சட்டென்று நீலமாக மாற வேண்டும். எவ்வளவு கரைசல் செலவாகிறதோ, தண்ணீர் அவ்வளவு கடினம். எங்கள் தண்ணீர் மாறவே இல்லை, விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தை (ஐ.எஸ். 10500) புரட்டினால், அங்கே ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகள். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. கரைந்த உப்புகளுக்கும் அப்படித்தான், 500, இல்லையேல் 2000. இந்த இரண்டாவது எண்ணை எந்த பியூரெட்டும் சொல்லாது. மாற்று வழி இல்லாத ஊருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் படித்தாக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

கொள்கைப் பக்கம் எனக்குக் கதவு திறந்தது, தேர்வுக்கு முந்தின நாள் இரவு மட்டும் எல்லோரும் புரட்டும் அந்தக் கட்டாயச் சுற்றுச்சூழல் தாள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் அந்தத் தாளுக்கே வித்து. அதிலிருந்து தேடிக்கொண்டு போனதில் எங்கள் ஊர் வழக்கே கிடைத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்காதவரும் தைரியமாக வாசிக்கலாம். அடுத்து, ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் அதனால் சூழலுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை தயாரிக்கச் சொல்லும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படித்துவிட்டு, அப்படி ஓர் அறிக்கை மீதான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தேன். அங்கே வந்திருந்த ஒரு வழக்கறிஞர் அக்கா, "தம்பி, சுருக்க அறிக்கையை மட்டும் படிக்காதே. முழு அறிக்கையில் நிலத்தடி நீர் அட்டவணையை எடு, எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று பார்" என்றார். மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரிக்கும் கோடையில் எடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று வேதியியல் படித்த எனக்கு உடனே பிடிபட்டது.

முதுகலைக்குத் துறையின் பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தை நம்பினேன். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, டெல்லியில் ஜே.என்.யூ.வின் சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளி, எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான டெரியின் பல்கலைக்கழகம் என மூன்று இடங்களின் பாடத்திட்டங்களை அச்செடுத்து, கூடத்தில் தரையில் பரப்பிவைத்துப் பருவம் பருவமாக ஒப்பிட்டேன். நான் பார்த்தவை நான்குதான்: தாக்க மதிப்பீடு தனித் தாளா அல்லது ஓர் அலகோடு சரியா, சுற்றுச்சூழல் சட்டமும் பொருளியலும் இருக்கிறதா, புள்ளியியல் கட்டாயமா, ஆய்வேட்டுக்கு ஒரு பருவம் முழுதாகக் கிடைக்குமா. புள்ளியியல் இல்லாத இடம் எனக்கு வேண்டாம் என்று வைத்தேன். தரவைக் கையாளத் தெரியாமல் கொள்கை பேசுவது வெறும் கையால் முழம் போடுகிற வேலை. தரவை வரைபடமாக்க உதவும் க்யூஜிஸ் மென்பொருள் இலவசம், அதை மூன்றாம் ஆண்டிலேயே பழகிக்கொண்டேன்.

நுழைவுத் தேர்வு பற்றி ஒன்றே ஒன்று. முதுகலைக்கான க்யூட் (பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) விண்ணப்பத்தை நிரப்பும் முன், நீங்கள் குறிவைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தத் தாளின் மதிப்பெண்ணைக் கேட்கிறது என்று அதன் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். வேதியியல் மாணவராக இருப்பதாலேயே வேதியியல் தாளைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.