சேம்பந்தண்டுக் கயிறு

போன பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் சேம்பந்தண்டை உரித்துக் காயப்போட்டேன். “இது என்னத்துக்குல?” என்று அம்மா கேட்டாள். 450 வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் சண்டைக்குப் போன வீரர்களின் கட்டுச்சோறு என்றேன்.

அங்கே 1467-இல் கியோத்தோவில் ஓனின் போர் மூண்டது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக நாடெங்கும் பிரபுக்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். சாமுராய் என்றதும் நமக்கு வாள்தான் நினைவுக்கு வரும். எனக்கோ அவர்களுடைய அரிசிக் கணக்குதான் நெருக்கமாகப் பட்டது. ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி ஒரு ‘கொக்கு’, சுமார் 150 கிலோ. பிற்பாடு பிரபுவின் நாடும் சேவகனின் சம்பளமும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. எங்கள் தாத்தாவும் நிலத்தை ஏக்கரில் சொன்னதே இல்லை. “ரெண்டு கோட்டை விதைப்பாடு” என்பார். 21 மரக்கால் ஒரு கோட்டை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும்.

சிறிய சேவகர்களில் பலர் விதைப்பு, அறுப்பு நாளில் வயலில் நின்றவர்கள். ஆள் வந்து கூப்பிட்டால் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். 1588-இல், அப்போது நாட்டின் பெரும்பகுதியை ஆண்ட ஹிதேயோஷி குடியானவர்களின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்த பிறகுதான் கலப்பையும் வாளும் தனித்தனியாகப் பிரிந்தன.

வழிச்சாப்பாடாகச் சோற்றை வடித்துக் காயவைத்து எடுத்துப்போவார்கள். எங்கள் ஆச்சி மீந்த சோற்றில் வத்தல் போடுவாள், ஏறக்குறைய அதேதான். இன்னொன்று இந்தச் சேம்பந்தண்டு. காய்ந்த தண்டைக் கயிறாகப் பின்னி, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வேகவைத்து மறுபடி உலர்த்துவார்கள். போகும்போது மூட்டை கட்ட அதுவே கயிறு. பசித்தால் ஒரு துண்டு வெட்டி வெந்நீரில் போட்டால் சாறு. மிசோவைத் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்தான். நான் பின்னிய கயிறு விரல் தடிமன் இருந்தது. கறுத்து விறைத்து, கருவாட்டு வாடை அடித்தது. ஒரு சாண் வெட்டிக் கொதிக்கவைத்தேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்புதான் தூக்கல். பசிச்சவனுக்கு இறங்கும்” என்றாள்.

பசி என்றதும் அந்தக் காலத்துச் சிறிய சேவகர் தோரி சுனேமோன் ஞாபகம் வருகிறார். 1575. இரண்டு ஆறுகள் சேரும் முனையில் நாகாஷினோ கோட்டை. உள்ளே கோட்டைத் தலைவர் ஒகுதைராவின் ஆட்கள் 500 பேர். வெளியே முற்றுகையிட்ட எதிரிப் பிரபு தகேதா கட்சுயோரியின் 15,000 பேர். கோட்டையின் தானியக் கிடங்கு எரிந்துபோனது. மிச்சமிருந்தது சில நாளுக்கான சாப்பாடு. உதவி கேட்டு யாராவது வெளியே போயாக வேண்டும். பெரிய பதவி எதிலும் இல்லாத சுனேமோன் நான் போகிறேன் என்றார். இரவில் ஆற்றில் இறங்கி, காவலுக்குத் தப்பி நீந்தி, ஒகசாகி வரை ஓடினார். 40 கிலோமீட்டருக்கு மேல். அம்பையிலிருந்து பாளையங்கோட்டையைவிடத் தூரம்.

படை வருகிறது என்று அங்கே ஒகுதைராவின் மேல்பிரபு தொகுகவா இயேயாசுவிடம் உறுதி கிடைத்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் உள்ளே கிடப்பவர்களுக்குச் சேதி தெரிய வேண்டுமே! உடனே திரும்பினார், பிடிபட்டார். ‘உதவி வராது, சரணடையுங்கள் என்று கத்து, உயிர் பிழைப்பாய்’ என்றது தகேதா தரப்பு. சரி என்று கோட்டைக்கு எதிரே போய் நின்றவர், இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்குங்கள், படை வருகிறது என்று கத்தினார். மரத்தில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கோட்டை விழவில்லை.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒரு கொடியின் படத்தை. அதை வரையவைத்த ஒச்சியாய் மிச்சிஹிசா, சுனேமோனைக் கொன்ற தகேதா படையில் இருந்தவர் என்று சொல்வார்கள். எதிரியின் உருவத்தைத் தன் கொடியாக்கிக்கொண்டார். இடுப்புத்துணி மட்டும் கட்டிய செந்நிற உடம்பு, விரித்துக் கட்டிய கைகால்கள். கண்கள் திறந்திருக்கின்றன.