பிஸ்டி பாறைங்கள படம் புடிக்கிறது – இதுவரைக்கும் கைவந்தது

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்தோட வடமேற்கு மூலையில ஃபார்மிங்டன்னு ஒரு ஊர், அங்கிருந்து 371 ஹைவேல தெற்க ஒரு 60 கிலோமீட்டர் போனா பிஸ்டி டி-நா-ஜின்னு ஒரு பாதுகாக்கப்பட்ட பாறைவெளி. பார்க்கிங்ல வண்டிய போட்டுட்டு பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, சாம்பல் கலர்ல வெட்டவெளி, அவ்ளோதான். மொத்தம் 45,000 ஏக்கர் கிட்ட, உள்ள போட்ட பாதை கிடையாது, தண்ணி கிடையாது. மேப்ப முன்னாடியே போன்ல இறக்கிக்கணும், வண்டி நிக்கிற இடத்த ஜிபிஎஸ்ல குறிச்சு வெச்சுக்கணும். இது ரெண்டும் இல்லாம சாயங்காலம் உள்ள போகாதீங்க, எல்லா மேடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் முக்கியமா தேடிப் போறது ஹூடூன்னு சொல்ற காளான் மாதிரி பாறைத் தூண்ங்க. கீழ மெத்துனு மண்பாறை, மேல கெட்டியான மணற்பாறை தொப்பி. மழையும் காத்தும் கீழ இருக்கறத சீக்கிரம் கரைச்சிடும், தொப்பிக்கு அடியில இருக்கறது மட்டும் தூணா நிக்கும். இதெல்லாம் டைனோசர் காலத்து சதுப்புநிலம், 7 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, அதான் நடுவுல கருப்பா நிலக்கரி வரி ஓடுது. சில இடத்துல அந்த நிலக்கரி தானா எரிஞ்சு மேல இருந்த களிமண்ண சுட்டு செங்கல் கலராக்கி வெச்சிருக்கு. படத்துல கலர் வேணும்னா அந்த செவப்பு மேடுங்கதான், மத்ததெல்லாம் வெளிறின சாம்பல்தான்.

இப்ப படம். எல்லாரும் சொல்ற மாதிரி நானும் வைட் லென்ஸோட (அகலமா நிறைய இடம் அடங்கற லென்ஸ்) சூரியன் சாயற நேரத்துக்குத்தான் போய்ட்டு இருந்தேன். தூரத்து மேட்டுக்கெல்லாம் அந்த வெளிச்சம் பிரமாதம், பக்கவாட்டுல அடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் தனியா தெரியும். ஆனா ஹூடூ கூட்டமா நிக்கிற இடத்துல ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழுந்து, எது எந்தப் பாறைன்னே புரியாம ஒரே குழப்பமாயிடுது. சூரியன் மறைஞ்சு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா ஆளே மாறிடுச்சு. நிழலே இல்ல, வானமே ஸ்டுடியோல வெளிச்சத்த மெதுவாக்க வெக்கிற சாஃப்ட்பாக்ஸ் மாதிரி மேல இருந்து வெளிச்சம் குடுக்குது, பாறையோட வடிவம் மட்டும் நிக்குது. இந்த மாதிரி இடத்துக்கு வடிவம்தானே எல்லாமே, இப்பல்லாம் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் போறேன், சன்செட் எனக்கு ட்ரெய்லர் மாதிரி.

கிராக்ட் எக்ஸ்னு சொல்ற உடைஞ்ச முட்டை பாறைங்க பார்க்கிங்ல இருந்து ஒரு 3 கிலோமீட்டர் உள்ள. நின்னுட்டு எடுத்தா ரொம்ப சின்னதா சாதாரணமா இருக்கும். ட்ரைபாட மொத்தமா விரிச்சு தரையோட ஒட்டி வெச்சு எஃப் 11 (லென்ஸ் துவாரத்தோட அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்), பக்கத்துல ஒண்ணு நடுவுல ஒண்ணு தூரத்துல ஒண்ணுன்னு ஃபோகஸ் மாத்தி எடுத்து அப்புறமா எல்லாத்தையும் ஒரே படமா சேர்த்துக்கிறேன். ஓட்டு மேல இருக்கற வரி எல்லாம் ஷார்ப்பா வருது. வைட் லென்ஸ்ல போலரைசர் (வானத்த கருநீலமாக்கற ஃபில்டர்) மட்டும் வேண்டாம், வானம் பாதி கருநீலம் பாதி வெளுப்புன்னு திட்டுத்திட்டா வந்துடும்.

ஹூடூக்கு நேர் எதிர், தூரத்த கிட்ட இழுக்கற டெலி லென்ஸ்தான். ஒரே ஒரு தூண், பின்னாடி நிழல்ல இருக்கற கரு மேடு, அவ்ளோ போதும். தொப்பி அடிவானத்த வெட்டாம இருக்கணும், அதுக்கு ரெண்டடி குனியறதும் நகர்றதும்தான் வேலையே. ஆள் ஒருத்தர நிக்க வெச்சு எடுத்தா சைஸ் தெரியும்னு சொல்வாங்க, எனக்குப் பிடிக்கல, எவ்ளோ பெருசுன்னு தெரியாம முழிக்கிறதுலதான் சுவாரசியம்.

ராத்திரியும் முயற்சி பண்ணேன். எஃப் 2.8, 15 செகண்ட், ஐஎஸ்ஓ 6400ல பால்வீதி நல்லாவே வருது, பாறைதான் கருப்பா போயிடும். டார்ச் அடிச்சா தட்டையா மூஞ்சி மேல அடிச்ச மாதிரி இருக்கு. சின்ன எல்ஈடி பேனல ரொம்ப கொறைச்சு ஒரு பக்கமா ஸ்டாண்ட்ல வெச்சு விட்டுட்டா பரவால்ல, ஆனா வெளிச்சம் இன்னும் கொஞ்சம் செயற்கையாத்தான் தெரியுது, அது இன்னும் செட் ஆகல.

ரெண்டு விஷயம். ட்ரோன் அங்க கூடாது, கல்லாப்போன மரத்துண்டு வழியெல்லாம் கெடக்கும், ஒண்ணக்கூட எடுத்துட்டு வரக்கூடாது. தொப்பி மேல ஏறி நின்னு போஸ் குடுக்கறவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும், அது ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான்.

அடுத்து பனி விழுந்து பாக்கணும், வெள்ளைல அந்த நிலக்கரி வரி எப்படி தெரியும்னு ஆசையா இருக்கு. ஆனா அங்க களிமண் ஈரமானா உப்பி சோப்பு மாதிரி வழுக்கும், அதனால தரை உறைஞ்சு கெட்டியா இருக்கற விடியக்காலைல உள்ள போய், வெயில் ஏறி இளகறதுக்குள்ள வெளிய வந்துடணும்.