அம்மாப்பேட்டையில் வாங்கிய வெண்பட்டு வேட்டி

தம்பியின் திருமணத்துக்காகச் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டிலேயே வெண்பட்டு வேட்டி வாங்கினேன். குழித்தறியில் (கால்களைக் குழிக்குள் விட்டு இயக்கும் கைத்தறி) அமர்ந்திருந்த அவர், அறுந்த பாவு இழையை (நீளவாக்கில் ஓடும் நூல்) விரல்நுனியில் முறுக்கி இணைத்துவிட்டு குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் நாடாவை மறுபடியும் ஓட்டிய அந்தச் சில நொடிகள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு கடையில் பட்டு என்று சொல்லித் தந்த வேட்டியின் நூலைக் கொளுத்திப் பார்த்தபோது, அது உருகிக் கெட்டியான மணியாக உறைந்தது; செயற்கை இழை அப்படித்தான் ஆகும். இந்த வேட்டியின் நூலோ முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது; உண்மைப் பட்டின் அடையாளம் அது.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வேட்டி, சேலை உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருந்தும், விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பொங்கலுக்கு வேட்டி எடுக்கவிருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், அந்தத் தெருவுக்கு நானே அழைத்துச் செல்கிறேன்.