சுழியம் காட்டும் அறையில் எவ்வளவு நச்சு மீதமிருக்கிறது?

உதகையில் டிசம்பர் உறைபனிக்கு அத்தை வீட்டில் இன்றும் கரிக் கும்பட்டிதான். கரி எரிகையில் வரும் நச்சு வாயுவுக்காக நான் வாங்கி வைத்த கார்பன் மோனாக்சைடு காட்டி பத்துப் பத்தாகவே எண் காட்டும்; 30 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 30 பங்கு) கீழே இறங்கினால் 0 என்று நின்றுவிடும். கும்பட்டியை வெளியே எடுத்த பிறகு ஒருநாள் அந்த 0-ஐப் பார்த்து, "இனிமே போய்ப் படுத்துக்கலாமாடா?" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மாலை கும்பட்டியை அகற்றி, ஆளில்லாத அறையின் சன்னலை ஒரு சாண் திறந்து, கருவியைக் கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று ஒரு மணி நேரம் குறித்தேன். அளவு குறிப்பிட்ட விகிதத்தில் தேய்கிறது என்று கொண்டு மடக்கைக் (log) கோடு வரைய முயன்றதில், சுழியத்துக்கு மடக்கை இல்லாததால் முதலடியிலேயே சறுக்கினேன். வழக்கமான குறுக்குவழிப்படி 0 வந்த இடமெல்லாம் 30-இல் பாதியான 15 என்று இட்டபோது, பாதியாகக் குறையும் நேரம் ஏறத்தாழ 22 நிமிடம் என்று வந்தது. ஆனால் கோடு முன்பாதிப் புள்ளிகள் எதனோடும் பொருந்தவில்லை.

எண்ணைவிட எண் மாறும் கணமே நம்பத்தக்கது என்பது அப்போதுதான் உறைத்தது. 80 இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 40 நாலரை நிமிடமும், 30 ஏறக்குறைய ஆறு நிமிடமும் நின்றன. கருவி அருகிலுள்ள பத்துக்கு முழுமைப்படுத்தியிருந்தால் 30 என்பது 35-க்கும் 30-க்கும் இடையே மட்டும் தோன்றி, 40-ஐவிடச் சீக்கிரம் மறைந்திருக்க வேண்டும். ஆக, இது மிச்சத்தை வெட்டி எறியும் கருவி. எனவே 80 என்றால் '80 முதல் 90-க்குள்', 0 என்றால் '30-க்குள் எதுவும்' என்று ஒவ்வொரு அளவீட்டையும் இடைவெளியாகவே வைத்து, அவை அனைத்தும் ஒருசேரக் கிடைக்க எந்தத் தேய்வு விகிதத்துக்கு வாய்ப்பு மிகுதி என்று தேடினேன். பாதியாகும் நேரம் 14 நிமிடம் என்று வந்தது. உணரியின் சிறு தாமதத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த வரம்பு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது சுமார் 3.5 பிபிஎம். 90-லிருந்து 22 நிமிடத்தில் திரை 0 காட்டிவிட்டது. அறை அந்த வரம்புக்கு இறங்க சுமார் 66 நிமிடம் ஆகும். அத்தை இப்போது ஒன்பது மணித் தூக்கத்துக்கு எட்டு மணிக்கு முன்பே கும்பட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விடுகிறார். அந்த ஒரு சாண் சன்னலைப் பற்றித்தான் எங்களுக்குள் இன்னும் வழக்கு.