மாத்திரையைப் பாதியாக்கலாமா?

“நோவு தீந்துருச்சுன்னு நீங்கதானே சொன்னீக? பெறகு ஏங்க அவுக இப்படி மறக்குறாக? மாத்திரையப் பாதியாக்குனா புத்தி தெளியுமா?”

ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் (பூவேலைத் தரைக்கல்) பட்டறையில் வேலை பார்ப்பவரின் மனைவி கேட்டார். கணவருக்கு இருதுருவ நோய்; அதற்கான மாத்திரை லித்தியம். “லித்தியத்தில் கை வைக்காதீங்க” என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். திடீரென்று நிறுத்தினால் பித்துநிலை (கட்டுக்கடங்காத உற்சாகம், படபடப்பு) திரும்பலாம், தற்கொலை அபாயமும் கூடும். ஆனால் அவர் கேட்டதில் பாதிக்குத்தான் அது பதில்.

இருதுருவ நோயில் பித்தும் சோர்வும் ஓய்ந்த இடைக்காலத்திலும் பலருக்குக் கவனம், வேகம், காதில் வாங்கியதை நிறுத்திவைக்கும் திறன் முழுதாகத் திரும்புவதில்லை. எல்லோருக்கும் அப்படியல்ல. இவருக்குக் கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே கலவை போடுவது வரை கை தப்பவில்லை. கைப்பழக்கம் வேறு வகை நினைவு. நழுவியது போனில் வந்த ஆர்டர்: எத்தனை சதுர அடி, பார்டர் என்ன நிறம், எந்தத் தேதி. சாயம் ஊற்றும்போது போன் வந்தால் இரண்டில் ஒன்று கெடும். முதலாளி அதைச் சோம்பல் என்றார். நினைவையும் கவனத்தையும் பார்க்கும் மாண்ட்ரியல் பரிசோதனையில் இவர் 30-க்கு 27 வாங்கியிருந்தார். 26 அல்லது அதற்கு மேல் என்றால் சரி என்பது கணக்கு. இந்த மாதிரிக் குறைகளுக்கு அந்தச் சல்லடையின் கண் பெரிது. அந்த எண்ணை முதலாளியிடம் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

மாத்திரையைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. மிச்சமிருக்கும் லேசான சோர்வு, தூக்கம், தைராய்டு (லித்தியம் அதைக் குறைக்கலாம்), கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் லித்தியம். தொடர் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தாலோ, முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலோ அது ஏறும். ஏறினால் கை நடுக்கத்தோடு மந்தமும் வரும். இவருக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கை கால் விறைப்புக்குக் கொடுத்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில், விறைப்பு போன பிறகும் சீட்டில் தொடர்ந்துகொண்டிருந்தது. நினைவை மங்கவைப்பதில் அது பேர்போனது. டாக்டர் படிப்படியாக நிறுத்தினார், கொஞ்சம் தெளிந்தது.

“பாத்தீகளா, மாத்திரையக் கொறச்சதும் தெளிஞ்சிருச்சு” என்றார் மனைவி. எந்த மாத்திரை என்று விளக்கினேன். தலையாட்டினார். அது எனக்குப் போதவில்லை.

ஸ்பெயினில் இந்த நோய் உள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாக 21 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் எனச் செயல்திறன் பயிற்சி நடத்தி, 2013-இல் பலன் காட்டினார்கள். தினக்கூலிக்காரரை 21 வாரம் வரச் சொல்ல முடியாது. ஆர்டர் நோட்டில் அளவு, டிசைன், நிறம், தேதி என நான்கு கட்டம். கேட்டதைத் திருப்பிச் சொல்லி எழுதுவது. அச்சு கையிலிருக்கும்போது போன் எடுக்காதது. இவ்வளவுதான் கொடுக்க முடிந்தது.

அது பழகும் முன்பே முதலாளி நோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரைச் சாயம் ஊற்ற மட்டும் வைத்தார். என்னிடம் கேட்டபோது சரி என்றேன். தப்பு குறைந்தது, கூலியும் குறையவில்லை. ஆனால் ஆர்டர் எடுப்பவர் என்பதுதான் பட்டறையில் அவருக்கிருந்த மரியாதை. நோட்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாமா? அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். அதற்கும் நோட்டுக்கும் சம்பந்தமில்லை.